தாய்மேல் விழுந்த பழி

பொருநை பாயும் நாட்டிலே பிறந்தவர்களுக்குப் பேசாப் பிள்ளைகள் இருவரின் வரலாறு நன்கு தெரியும். ஒன்று திருக்குருகூரில் நிகழ்ந்ததாக வழங்குவது. காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த அக்குழந்தை அழவில்லை, பால் உண்ணவில்லை. பெற்றோர் அதனைக் கோயிலிலே கொண்டுவந்து விட்டனர். புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் அது வாய் திறவாமல் இருந்தது என்பர். மதுரகவியார் வந்து வினவியபோது விடை பகர்ந்த அப்பெருமானையே நம்மாழ்வார் என்று போற்றுகின்றோம். மற்றொன்று அதே ஆற்றங்கரையில், திருவைகுண்டத்தில் நிகழ்ந்தது. 17ஆம் நூற்றாண்டிலே சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்றனர். அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பது அவர் வரலாறு.

அவ்வருளாளர்களுக்கு இக்காலத்து நோய்ப்பெயர் ஒன்றைச் சூட்டுவது என் நோக்கமன்று. அது அறிவியலுக்கும் ஒவ்வாது; பத்திக்கும் ஒவ்வாது. நான் கருதுவது வேறொன்று. இவ்வரலாறுகளைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த நம் முன்னோர், பிள்ளையின் மௌனத்துக்காக உடையநங்கையாரையோ சிவகாமசுந்தரி அம்மையாரையோ ஒருகாலும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டில், கல்வியிற் சிறந்த நாடுகளில், பெரும்பட்டம் பெற்ற அறிஞர்கள் அப்பழியைத் தாயின் தலைமேல் ஏற்றினார்கள். அது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது, அதனை வீழ்த்திய ஆராய்ச்சி மூளையின் எந்த நுண்ணிய இடத்தைச் சுட்டிக் காட்டியது என்பதே இன்று நாம் காணப்போகும் செய்தி.

முதலில் பெயரை ஆராய்வோம். ஆட்டிசம் என்னும் சொல் 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் பிளாய்லர் அதனை முதலிற் புனைந்தபோது, வேறொரு மனநோயின் அறிகுறியைக் குறிக்கவே புனைந்தார். தமிழிலே மன இறுக்கம் என்றும், அரசாங்க ஏடுகளில் புற உலகச் சிந்தனையற்றோர் என்றும் எழுதினார்கள். இவ்விரு தொடர்களும் எனக்கு மனநிறைவு தருவன அல்ல. மனத்தை இறுக்கிக் கொண்டவன் என்றால், அவன் விரும்பினால் தளர்த்திக் கொள்ளலாம் என்ற எண்ணம் எழுகிறது. புற உலகச் சிந்தனையே இல்லாதவன் என்பதோ உண்மைக்கு மாறானது. அத்தகைய பிள்ளைகளுட் பலர் புற உலகின் ஓசையையும் ஒளியையும் நம்மினும் மிகுதியாக உணர்ந்து துன்புறுகின்றனர். ஆகவே ஆட்டிசம் என்றே வழங்குவேன்.

இந்நிலையைத் தெளிவாக முதலில் விவரித்தவர்களுள் ஒருவர் குரூனியா சுகரெவா என்னும் ருசிய நாட்டுப் பெண் மருத்துவர். அவர் 1925ஆம் ஆண்டிலேயே இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். உலகம் அதனைக் கவனிக்கவில்லை. 1943இல் அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். எட்டுப் பேர் சிறுவர், மூவர் சிறுமியர். தனிமையை நாடுதல், அன்றாட ஒழுங்கு மாறாதிருக்க வேண்டும் என்னும் பிடிவாதம், பேச்சில் வேறுபாடு ஆகியவை அவர் கண்ட அடையாளங்கள். அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஆஸ்பெர்கர் என்பவரும் இதையொத்த சிறுவர்களை விவரித்தார்.

கானர் தம் கட்டுரையின் முடிவில், இது பிறவியிலேயே அமைந்த வேறுபாடு என்றே எழுதினார். ஆனால் அப்பெற்றோருள் அன்பு கனிந்தவர்கள் சிலரே என்றும் குறித்துவைத்தார். அச்சிறு குறிப்பு விதையாகி மரமாயிற்று. 1949இல் அவரே, அன்பின்றிக் குளிர்ந்துபோன வீடுகளைக் குளிர்பதனப் பெட்டிக்கு ஒப்பிட்டார். தொடர்ந்து 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்றொரு வழக்கே பரவிவிட்டது. சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூலொன்று, பிள்ளை தனக்குள் ஒடுங்குவதற்குப் பெற்றோரின் மனப்போக்கே காரணம் என்று வாதிட்டது. அந்நூலைப் பல்லாயிரவர் படித்தனர். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதே மருந்து என்று கருதியவர்களும் உண்டு. பேசாத மகனைப் பெற்ற தாய்க்குத் துயரம் ஒன்று. அத்துயரத்துக்குக் காரணம் நீயே என்ற தீர்ப்பு மற்றொன்று.

இப்பழி கடல் கடந்த நாடுகளோடு நிற்கவில்லை. நான் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஆற்றங்கரை ஊர்கள் சிலவற்றில் பணி செய்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளியில் முதல் வகுப்பிற் சேர்க்க ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள். ஏழு வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். சுழலும் மின்விசிறியை மணிக்கணக்காகப் பார்த்திருப்பான். பேருந்துகளின் எண்களை மட்டும் பிழையின்றிச் சொல்லுவான். தாய் பீடி சுற்றிப் பிழைப்பவள். மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தொட்டிலிலே கிடக்கவிட்டாள், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று உற்றார் கூறினர். படித்த ஒருவரும் அவ்வாறே கூறியிருக்கிறார். அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நான் சரியாத் தூக்கிக் கொஞ்சலன்னு சொல்லுதாவ, பெரிய சார். அது நெசமா?"

அக்கேள்விக்கு உலகம் விடை தேடிய வழியை இனிக் காண்போம்.

முதல் எதிர்ப்பு ஒரு தந்தையிடமிருந்து எழுந்தது. பெர்னார்டு ரிம்லண்ட் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய உளநூல் அறிஞர். அவர் மகனுக்கும் இந்நிலை இருந்தது. அவர் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து, 1964இல் ஒரு நூல் எழுதினார். பெற்றோரின் மனம் அன்று, பிள்ளையின் மூளை அமைப்பே ஆராயத்தக்கது என்று நிறுவினார். அந்நூலுக்கு முகவுரை வழங்கியவர் கானரே. 1969இல் பெற்றோர் கூடிய அவையொன்றில், பெற்றோராகிய நீங்கள் குற்றமற்றவர்கள் என்று கானர் தம் வாயாலேயே அறிவித்தார். ஒரு நீதிபதி தம் தீர்ப்பைத் தாமே திருத்தியது போன்ற நிகழ்ச்சி அது.

ஆயினும் அறிவிப்பு வேறு, சான்று வேறு. சான்று 1977இல் இலண்டனிலிருந்து வந்தது. சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர் இரட்டைப் பிள்ளைகள் 21 இணையரை ஆராய்ந்தனர். ஒரே கருவினின்று பிரிந்தவர்கள் 11 இணையர்; அவர்களுள் 4 இணையரில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவினின்று உருவானவர்கள் 10 இணையர். அவர்களுள் ஓர் இணையரிலேனும் இருவருக்கும் அது காணப்படவில்லை. எல்லா இரட்டையரும் ஒரே தாயின் மடியில், ஒரே வீட்டிலே வளர்ந்தவர்கள். வளர்ப்பே காரணமானால் இவ்வேறுபாடு தோன்ற வழியில்லை. ஆகவே காரணத்தின் பெரும்பகுதி மரபணுவில் இருக்கவேண்டும் என்பது புலனாயிற்று.

மரபணு என்பது உடல் புரதங்களைச் செய்வதற்கு வேண்டிய குறிப்பேடு. எனில், எந்தக் குறிப்பில் எழுத்து மாறியது? அம்மாற்றம் மூளையில் எதனைத் தாக்கியது? இதனை விளங்கிக்கொள்ள நாம் நம் ஆற்றுக்கே திரும்புவோம்.

தாமிரபரணியில் அணைக்கட்டுகள் எட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழமையானவை. திருவைகுண்டத்து அணை ஆங்கிலேயர் காலத்தது. அணையிலிருந்து கால்வாய் பிரிகிறது. கால்வாயிலிருந்து குளமும் வாய்க்காலும். வாய்க்காலிலிருந்து மடை வழியே வயலுக்குத் தண்ணீர் செல்கிறது. காருக்கும் பிசானத்துக்கும் ஆற்றிலே வெள்ளம் இருந்தால் மட்டும் போதாது. மடை உரிய காலத்தில், உரிய அளவில் திறக்கவேண்டும். மிகுந்த நீர் வடிய வடிகாலும் வேண்டும். மடை பழுதானால் ஆறு நிறைந்து ஓடும்போதே ஒரு வயல் காயும். மற்றொரு வயல் அழுகும்.

மூளையும் இத்தகைய பாசனமே. அதில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று ஒட்டிய வலை என்று இத்தாலிய அறிஞர் கோல்கி கருதினார். ஒவ்வொன்றும் தனித்தனி என்று ஸ்பெயின் நாட்டுக் காஹால் காட்டினார். எதிரெதிர்க் கொள்கையுடைய இருவருக்கும் 1906இல் ஒரே நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. காஹால் கூறியதே உண்மையாயிற்று. ஓரணு மற்றோரணுவைச் சந்திக்கும் இடத்துக்கு 1897இல் ஆங்கில அறிஞர் ஷெரிங்டன் சினாப்ஸ் என்று பெயரிட்டார். நாம் நரம்புச் சந்தி என்போம். அங்கே இரண்டு அணுக்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறளவே அதன் அகலம். அவ்விடைவெளியைக் கடந்து செய்தியைக் கொண்டு செல்வது வேதிப்பொருள். சில சந்திகள் அடுத்த அணுவைத் தூண்டுவன, சில அடக்குவன. முன்னவை மடை, பின்னவை வடிகால்.

இச்சந்தியின் இருகரையையும் கோத்து நிறுத்தும் புரதங்கள் உண்டு. செய்தி அனுப்பும் கரையில் நியூரெக்சின். பெறும் கரையில் நியூரோலிஜின். இரண்டும் கைகோத்து நிற்கின்றன. 2003இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் தாமஸ் பூர்ஜெரோன் குழுவினர், சுவீடன் நாட்டுக் குடும்பங்கள் இரண்டினை ஆராய்ந்து, நியூரோலிஜினைச் செய்யும் மரபணுவில் எழுத்து மாறியிருப்பதைக் கண்டனர். ஆட்டிசத்தின் ஒரு வேர் நரம்புச் சந்தியிலே பிடிபட்டது அப்போதுதான். அவற்றுள் ஒரு குடும்பத்தில் உடன்பிறந்த இருவருக்கும் ஒரே மாற்றம் இருந்தது. ஒருவனுக்குக் கடுமையான ஆட்டிசம். மற்றவனுக்கு ஆஸ்பெர்கர் விவரித்த இலேசான வகை. மடையின் பழுது ஒன்றேயாயினும் வயல் இரண்டும் ஒருபடித்தாக விளையவில்லை.

அதே மாற்றத்தைச் சுண்டெலியில் ஏற்படுத்திப் பார்த்தனர் தாமஸ் சூடோஃப் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும். 2007இல் வெளிவந்த அவ்வாய்வில், மூளையின் ஒரு பகுதியிலே அடக்கும் சந்திகளின் வேலை மிகுந்துவிட்டது தெரியவந்தது. வடிகால் அளவுக்கு மீறி வாங்கியது எனலாம். அவ்வெலிகள் பிற எலிகளோடு பழகுவதில் பின்தங்கின; ஆனால் இடங்களை நினைவில் வைப்பதிலே முந்தி நின்றன. பேருந்து எண்களை மறவாத அச்சிறுவனை நான் இங்கே நினைத்துக்கொண்டேன். எலியைக் கொண்டு மனிதனை அளந்துவிட முடியாதுதான். ஆயினும், ஒரே மாற்றம் ஓரிடத்திற் குறையாகவும் மற்றோரிடத்தில் மிகையாகவும் வெளிப்படலாம் என்பதை நாம் மறக்கலாகாது.

2007இலேயே பூர்ஜெரோன் குழுவினர் ஷாங்க்-3 என்னும் மற்றொரு மரபணுவைக் கண்டனர். பெறும் கரையிலே மடைக்கு அடித்தளக் கற்கட்டுப் போன்றது அதன் புரதம். அது குறைந்தால் சந்தி தளர்கிறது. சின்கேப் என்பது இன்னொரு புரதம். சந்தி முதிர்வதற்கு உரிய காலம் வரும்வரை அதனைத் தடுத்து நிறுத்துவது அதன் பணி. அது குறையும்போது, பருவத்துக்கு முன்பே கதிர் முற்றுவது போலச் சந்திகள் முன்கூட்டியே முதிர்ந்துவிடுகின்றன. இதனை 2012இல் எலிகளிடம் காட்டிய ஆய்வாளர்களுள் ஒருவரான ஜேம்ஸ் கிளெமெண்ட், பின்னர்ப் பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். நம் அண்டை நகரிலேயே இவ்வேலை நடைபெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

சந்திகள் தோன்றுவது போலவே, வேண்டாதவை களையப்படுவதும் வளர்ச்சியே. 2014இல் நியூயார்க்கில், இறந்துபோன இளையோரின் மூளைகளை ஆராய்ந்தனர். குழந்தைப் பருவத்திலிருந்து வளரிளம் பருவத்துக்குள், ஆட்டிசம் இல்லாதவர்களிடம் சந்திகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆட்டிசம் உடையவர்களிடம் 16 விழுக்காடே குறைந்திருந்தன. தூர்க்கவேண்டிய வாய்க்கால்கள் தூராமல், எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடினால் என்ன ஆகும் என்று உழவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாறு தொடர்புடைய மரபணுக்கள் ஒன்றிரண்டல்ல. 35,584 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த பேராய்வு, அத்தகைய மரபணுக்கள் 102 எனக் கணக்கிட்டது. அவற்றுட் பல நரம்பணுக்களின் தொடர்புக்கு உரியவை. பல, பிற மரபணுக்களின் வேலையை முறைப்படுத்துபவை. பெரும்பான்மையான பிள்ளைகளிடம் ஒற்றை மாற்றம் ஒன்றைச் சுட்டிக் காட்ட இயலாது. சிறுசிறு மாற்றங்கள் பல சேர்ந்தே விளைவு தருகின்றன என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

'அப்படியானால் பழி தாயின் மனத்தை விட்டுத் தாயின் குருதிக்கு வந்துவிட்டதா?' என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. விடை இது. சில மாற்றங்கள் பெற்றோர் வழி வருகின்றன. அவற்றைத் தாங்கியிருப்பது அவர்களுக்கே தெரியாது. சில மாற்றங்களோ தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. விந்தணுவோ முட்டையோ உருவாகும்போது புதிதாகத் தோன்றியவை. நாம் ஒவ்வொருவரும் அத்தகைய புதிய மாற்றங்கள் ஏறத்தாழ அறுபது, எழுபதுடன்தான் பிறக்கின்றோம். பெரும்பாலானவை யாதொரு விளைவும் செய்வதில்லை. 2012இல் ஐஸ்லாந்து நாட்டில் 78 குடும்பங்களை ஆராய்ந்தபோது, புதிய மாற்றங்களிற் பெரும்பங்கு தந்தை வழியே வருவதும், தந்தையின் வயதில் ஓராண்டு கூடும்போது ஏறத்தாழ இரண்டு மாற்றங்கள் கூடுவதும் தெரியவந்தன. தாயையே குறைகூறிய உலகம் இச்செய்தியைக் கவனித்துக் கேட்கவேண்டும். இதனைச் சொல்வது பழியைத் தந்தைக்கு மாற்றுவதற்காகவும் அன்று. ஏடு பெயர்த்தெழுதுவோன் கையில் ஓர் எழுத்துப் பிறழ்வது போன்றது இது. இங்கே குற்றவாளி என்று எவருமில்லை.

தடுப்பூசியே காரணம் என்று 1998இல் எழுந்த கூச்சலும் தாய்மாரையே வருத்தியது. அதற்கு அடிப்படையான கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தடுப்பூசி போட்ட தாய் தவறு செய்தவள் அல்லள்.

மரபணு என்றதும் தலையெழுத்து என்று சோர்ந்துவிடுதலும் பொருந்தாது. 2016இல் அமெரிக்காவில் ஷாங்க்-3 மரபணுவை அடைத்து வளர்த்த எலிகளிடம், வளர்ந்தபின் அதனை மீண்டும் இயங்கச் செய்தனர். பழகும் தன்மை மேம்பட்டது. ஓயாது தன்னையே சொறியும் பழக்கம் குறைந்தது. அச்சமும் உடலசைவின் குறையும் மட்டும் மாறவில்லை. இளமையிலேயே இயங்கச் செய்தபோது அவையும் சீர்பட்டன. மூளை வாழ்நாள் முழுவதும் ஓரளவு நெகிழ்ச்சியுடையது, இளமையில் அந்நெகிழ்ச்சி மிகுதி என்பது இதனால் விளங்குகிறது. மனிதருக்கு இதனைச் செய்யும் மருந்து கைவரவில்லை. ஆயினும் இளமையிலேயே கண்டறிந்து, பொறுமையோடு பயிற்றினால் பேச்சும் பழக்கமும் தற்சார்பும் வளர உதவலாம்.

இப்பொறுமை நம் நாட்டுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் பள்ளிகள் கண்டனர். அதற்குமுன் காது கேளாத பிள்ளையை ஊமை என்று ஒதுக்கினார்கள். குறை நாவிலன்று, செவியிலே என்று உணர்ந்தபின் கைமொழியும் கல்வியும் பிறந்தன. குறையின் இடம் சரியாகத் தெரிந்தால்தான் உதவியின் வழி தெரியும். தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாற்றின் பக்கத்திலே, தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், 1981இல் அமர் சேவா சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியவர் எஸ். இராமகிருஷ்ணன். 1975இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வளர்ச்சியிற் பின்தங்கிய குழந்தைகளைச் சிற்றூர்களிலே இளமையிற் கண்டறிந்து, வீட்டுக்கே சென்று பயிற்சி அளிப்பதும், பெற்றோருக்குக் கற்பிப்பதும் அச்சங்கத்தின் பணிகளுள் சேர்ந்தன. குற்றவாளி என்று முன்பு ஒதுக்கப்பட்ட தாய், இங்கே பயிற்சியில் துணையாசிரியை ஆகிறாள்.

சட்டமும் மெல்ல மெல்லவே கண் திறந்தது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்தது. ஆகவே இப்பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் அளிப்பது தலைமையாசிரியரின் தயவு அன்று, பிள்ளையின் உரிமை.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளை உங்கள் வகுப்புக்கு வந்தால், முதலிற் செவியைச் சோதிக்கச் செய்யுங்கள். பின்னர் மருத்துவரிடம் அனுப்புங்கள். மணியோசையும் கூச்சலும் அவனை வருத்துமானால் அமைதியான மூலையில் இடம் கொடுங்கள். நாளைய மாற்றத்தை இன்றே சொல்லிவையுங்கள். படம் வரைந்து காட்டுங்கள். அவன் விரும்பும் எண்ணிலிருந்தோ படத்திலிருந்தோ பாடத்தைத் தொடங்குங்கள்.

தாய் உடன் வந்திருப்பாள். அவள் வளர்ப்பைப் பற்றி விசாரணை நடத்தாதீர்கள். அவள் அந்தக் கேள்வியைக் கேட்டால், 'நெசமில்லை, அம்மா' என்று உடனே சொல்லுங்கள். அப்படிச் சொல்வதற்கு வேண்டிய சான்று உலகத்தின் கையில் 1977ஆம் ஆண்டு முதலே இருக்கிறது.